ஸ்கேனில் கட்டி இல்லை, ஆனாலும் சுரப்பியை எடுக்கணுமாம்: ஆயாவுக்கு எப்படி விளக்குவது?

மெரிபேங்க்_சிஸ்டர் கேட்டது:

அக்காமார் அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா டர்பனில் ஒரு குடும்பத்துக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இது. டாக்டர் சொன்னது எனக்குப் புரிகிறது. ஆயாவின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பெண்ணுக்கு 16 வயது. நல்ல உயரம். இன்னும் வயசுக்கு வரவில்லை, மார்பு வளர்ச்சியும் இல்லை. ரத்தத்தில் எஃப்எஸ்ஹெச் (சுரப்பியை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்) 70க்கு மேல், எஸ்ட்ராடியால் (எஸ்ட்ரோஜன் எனும் பெண் ஹார்மோன்) அடிமட்டத்தில். குரோமோசோம் பரிசோதனையில் 46,எக்ஸ்ஒய், அதாவது வழக்கமாக ஆண்களிடம் இருக்கும் அமைப்பு. அல்ட்ராசவுண்ட் சீட்டில் "கர்ப்பப்பை தெளிவாகத் தெரியவில்லை, ஓவரி இரண்டும் தெரியவில்லை, கட்டி எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறது. கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஹெச் மூன்றும் சரியான அளவில். ஓவரியாகவோ விரையாகவோ ஆக வேண்டிய சுரப்பிகள் முழுதாக உருவாகவில்லை, இதற்குப் பெயர் ஸ்வயர் சிண்ட்ரோம், இரண்டு பக்கமும் லாப்ரோஸ்கோப்பியில் (சின்னத் துளை வழியே) எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது.

ஆயா கேட்பது: "கட்டியே இல்லாத எடத்துல எதுக்கும்மா கத்தி?" புரட்டாசி முடியட்டும், அப்புறம் தைப்பூசக் காவடி முடியட்டும் என்று தள்ளிப் போடப் பார்க்கிறார்.

மாமி கேட்பது: இங்கே டர்பன் ஃபீனிக்ஸில் தெரிந்த குடும்பத்துப் பெண்ணுக்கும் இதே எக்ஸ்ஒய்தானாம். அவளை 18 வயது தாண்டும்வரை பொறுக்கச் சொன்னார்களாம். அவளுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா?

அம்மா கேட்பது: பெண்ணுக்கு எதுவும் தெரியாமல் "அப்பெண்டிக்ஸ்" என்று சொல்லி முடித்துவிடலாமா?

தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக "டாக்டரைக் கேளுங்கள்" வேண்டாம், கேட்டாகிவிட்டது.

-----

பாராஃபின்_கட்டை:

ஆயாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஸ்கேன் பார்க்கிற அளவு வேறு, ஆய்வகத்தில் நாங்கள் பார்க்கிற அளவு வேறு. இந்தப் பெண்ணின் வயிற்றில் இருக்கக்கூடியது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், அரை சென்டிமீட்டர் அகலத்தில், வெள்ளை நாடா மாதிரி ஒரு கீற்று. ஸ்ட்ரீக் என்பார்கள். அதையே அல்ட்ராசவுண்டில் காண முடியவில்லை, "ஓவரி தெரியவில்லை" என்று சீட்டிலேயே இருக்கிறது. தெரியாத சுரப்பிக்குள் கட்டி இல்லை என்று எந்த மெஷின் சொல்ல முடியும்? அந்த வரியை "கட்டி இல்லை" என்று படிக்காமல் "பார்க்க முடியவில்லை" என்று ஆயாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உள்ளே நடப்பது இது. கரு வளரும்போது ஜெர்ம் செல்கள் (பிற்பாடு முட்டையாகவோ விந்தாகவோ ஆக வேண்டியவை) வேறோர் இடத்திலிருந்து நகர்ந்து சுரப்பிக்குள் வந்து குடியேறுகின்றன. அங்கே துணைச் செல்கள் ஒழுங்காக அமைந்திருந்தால் அவற்றின் பிடியில் இவை முதிரும். துணைச் செல்கள் அரைகுறையாக இருந்தால் ஜெர்ம் செல் குழந்தைத்தனத்திலேயே நின்றுவிடும். ஆக்ட் 3/4 என்ற புரதம் முதிர்ச்சி வந்ததும் அணைந்துபோக வேண்டியது. இங்கே அது எரிந்துகொண்டே இருக்கும். அதோடு ஒய் குரோமோசோமில் டிஎஸ்பிஒய் என்றொரு மரபணு இருக்கிறது. ஒழுங்கான விரையில் விந்துச் செல்களைப் பெருக்குவதோடு தொடர்புடையது. முதிராத செல்லில் அதே மரபணு வேலை செய்தால் செல் பெருகும், முதிராது. ஒய் குரோமோசோமில் இப்படி ஒரு பகுதி இருக்க வேண்டும் என்று டேவிட் பேஜ் 1987இல் ஊகித்தார். இன்று அந்த இடத்துக்கு முதல் சந்தேகப் பேர்வழி டிஎஸ்பிஒய்தான். ஆக மூன்று சங்கதி சேர வேண்டும்: அரைகுறைச் சுரப்பி, ஒய் துண்டு, மிச்சமிருக்கும் ஜெர்ம் செல். இந்தப் பெண்ணுக்கு முதல் இரண்டும் உறுதி. மூன்றாவதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

முதலில் வருவது கொனாடோபிளாஸ்டோமா. ராபர்ட் ஸ்கல்லி 1953இல் விவரித்தார். ஸ்லைடில் பார்த்தால் வட்ட வட்டமான கூடுகள். கூட்டுக்குள் வெளிறிய பெரிய ஜெர்ம் செல்கள், அவற்றைச் சுற்றிச் சின்னத் துணைச் செல்கள், நடுவே இளஞ்சிவப்பு உருண்டைகள், அங்கங்கே சுண்ணாம்புப் படிவு. சில சமயம் முழுக் கூடும் சுண்ணாம்பாகி முசுக்கொட்டைப் பழம்போல் கிடக்கும். இது தானாகப் பரவாது. ஆனால் இது கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அதே சுரப்பிக்குள் டிஸ்ஜெர்மினோமா என்ற புற்று ஏற்கனவே முளைத்திருக்கிறது. பத்தில் ஒருவரிடம் அதைவிட மோசமான வகைகள், யோக் சாக் கட்டி போன்றவை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் எடுத்து அடுத்ததை வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு ஸ்வயரில் எழாததற்கு அதுதான் காரணம்.

ரத்தப் பரிசோதனை பற்றி. கொனாடோபிளாஸ்டோமா ஏஎஃப்பி சுரக்காது. சுத்தமான டிஸ்ஜெர்மினோமாவும் சுரக்காது, அதில் ஏறுவது எல்டிஹெச், சிலரிடம் ஹெச்சிஜி கொஞ்சம். கடுகளவு கட்டிக்கு எதுவுமே ஏறாது. அப்படியானால் எதற்கு எடுத்தார்கள் என்றால், ஏஎஃப்பி ஏறியிருந்தால் யோக் சாக் கட்டி என்று முன்கூட்டியே தெரியும், ஆபரேஷன் திட்டமே மாறும். பிற்பாடு ஒப்பிடவும் ஓர் எண் கையில் இருக்கும். சரியான அளவில் இருந்தால் நிம்மதி என்று மட்டும் அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு ஏஎஃப்பி இயல்பாகவே ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பதையும் உங்கள் தாளில் ஓரமாக எழுதி வையுங்கள். ஒரு வயது நெருங்கும்போதுதான் பெரியவர்கள் அளவுக்கு இறங்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பதறும் பெற்றோர் நிறைய.

எங்களிடம் அனுப்பும்போது நடக்கும் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன், தியேட்டர் ஆட்கள் படிப்பார்கள். வலது, இடது இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். 10 சதவீதப் பஃபர் ஃபார்மலின், திசுவின் அளவுக்குப் பத்து மடங்கு. மரபணுச் சோதனைக்குத் துண்டு வேண்டுமென்றால் ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே பிரித்துக் குளிரில் உறைய வைக்க வேண்டும். படிவத்தில் "ஓவரி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் நாங்கள் சாதாரண ஓவரிபோல நாலு இடத்தில் வெட்டிப் பார்த்து முடித்துவிடும் ஆபத்து உண்டு. "46,எக்ஸ்ஒய், ஸ்ட்ரீக் சுரப்பி, கொனாடோபிளாஸ்டோமா பார்க்கவும்" என்று எழுதினால் முழுச் சுரப்பியையும் 2-3 மில்லிமீட்டர் துண்டுகளாக்கி, ஒன்று விடாமல் மெழுகில் ஏற்றி, ஆக்ட் 3/4 சாயமும் போடுவோம். ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தையிடம் அந்தச் சாயம் பிடித்தால் அது வெறும் தாமத முதிர்ச்சியாகவும் இருக்கலாம். செல் எந்த இடத்தில் நிற்கிறது, கேஐடி லிகண்ட் சாயமும் பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 16 வயதில் அந்தக் குழப்பம் கிடையாது.

-----

கரும்புத்தோட்டம்:

மாமியின் கேள்விக்கு வருகிறேன். "எக்ஸ்ஒய்" என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. அது குரோமோசோம் சீட்டில் இரண்டு எழுத்து. ஃபீனிக்ஸ் பெண்ணுக்கு என்னவென்று பார்க்காமல் சொல்லக் கூடாது, ஆனால் "18 தாண்டட்டும்" என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் அது முழு ஆண்ட்ரோஜன் உணர்வின்மை. அவளுக்கு இருப்பது அரைகுறைச் சுரப்பி அல்ல. ஒழுங்காக உருவான விரை. வயிற்றிலோ தொடை இடுக்கிலோ நின்றுவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் தாராளமாகச் சுரக்கும், உடம்புக்கு அதைக் கேட்கக் காது இல்லை. அந்த டெஸ்டோஸ்டிரோன் எஸ்ட்ரோஜனாக மாறி மார்பு தானாக வளரும். கர்ப்பப்பை கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்குப் பருவ வயதுக்கு முன் கட்டி வருவது மிக அரிது. அதனால் அவள் சுரப்பி அவளுக்கு வேலை செய்கிறது, இருக்கட்டும், பருவம் முடிந்தபின் எடுப்பதா வைத்துப் பார்ப்பதா என்று அவளே முடிவெடுக்கட்டும் என்பது வழக்கம். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது, எம்ஆர்ஐ எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்காது என்பதையும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

உங்கள் பெண்ணின் சுரப்பி எந்த வேலையும் செய்யவில்லை. மார்பு இல்லை, எஃப்எஸ்ஹெச் 70. மூளை உரக்கக் கத்துகிறது, அந்தப் பக்கம் பதில் இல்லை. எடுத்தால் அவள் இழப்பது ஒன்றுமில்லை, வைத்திருந்தால் ஆபத்து மட்டும் மிச்சம். மாமியிடம் இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். நியாயம் ஒன்றுதான், கணக்குத்தான் வேறு.

எண்கள் வேண்டுமென்றால், 2005 அக்டோபரில் சிகாகோவில் கூடிய நிபுணர்கள் 2006இல் வெளியிட்ட அட்டவணை இன்னும் எல்லோரும் தொடங்கும் இடம். ஒய் உள்ள அரைகுறைச் சுரப்பி, வயிற்றுக்குள் இருந்தால்: 15 முதல் 35 சதவீதம். சிறுநீரகமும் சேர்ந்து கெடும் ஃப்ரேசியர் சிண்ட்ரோம் 60. அதன் உறவு வகையான டெனிஸ்-ட்ராஷ் 40. பகுதி ஆண்ட்ரோஜன் உணர்வின்மையில் விரை பைக்கு இறங்காமல் இருந்தால் 50. 17 பீட்டா ஹெச்எஸ்டி (ஆண் ஹார்மோன் தயாரிக்கும் நொதி) குறைபாடு 28. டர்னரில் (இரண்டாவது எக்ஸ் இல்லாத அல்லது குறைந்த பெண்கள்) ஒய் துண்டு இருந்தால் 12. ஓவோடெஸ்டிஸ் (ஓவரியும் விரையும் கலந்த சுரப்பி) 3, முழு ஆண்ட்ரோஜன் உணர்வின்மை 2. 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாட்டில் சுழியம் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் பார்த்த ஆட்களே விரல் விட்டு எண்ணும் அளவு. மற்ற எண்களும் சிறு சிறு தொகுப்புகளிலிருந்து வந்தவைதான். 28க்கும் 35க்கும் நடுவே கோடு கிழித்துச் சண்டை போடாதீர்கள். 2 எங்கே, 30 எங்கே என்பதுதான் விஷயம்.

நம் நாட்டுக்கு ஒரு குறிப்பு. தென்னாப்பிரிக்காவில், முக்கியமாகக் கறுப்பினக் குடும்பங்களில், 46,எக்ஸ்எக்ஸ் ஓவோடெஸ்டிஸ் மற்ற நாடுகளைவிட அதிகம். வார்டில் பக்கத்துப் படுக்கையில் அப்படி ஒரு குழந்தை இருந்து, "அவர்களுக்கு எடுக்கவில்லையே" என்று பேச்சு வரும். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒய் கிடையாது, சுரப்பியின் ஓவரிப் பகுதியும் நன்றாகவே வேலை செய்யும். அதோடு இதை ஒப்பிடாதீர்கள்.

டர்னர் பெண்களின் அம்மாக்களும் இந்த இழையைப் படித்துவிட்டுப் பயப்படுவார்கள். சுத்த 45,எக்ஸ் என்றால் கொனாடோபிளாஸ்டோமா கவலை இல்லை. 46,எக்ஸ்எக்ஸ் உள்ள ஸ்ட்ரீக் சுரப்பிக்கும் இல்லை. சீட்டில் "மார்க்கர்" அல்லது அடையாளம் தெரியாத வளையக் குரோமோசோம் என்று இருந்தாலோ, ஆண்தன்மை மாற்றங்கள் தெரிந்தாலோ மட்டும், அது ஒய் துண்டா என்று ஃபிஷ் எனும் குரோமோசோம் சோதனையில் பார்க்கக் கேளுங்கள்.

ஆணாக வளரும் 45,எக்ஸ்/46,எக்ஸ்ஒய் (இரண்டு வகைச் செல்லும் கலந்த) பிள்ளைகள் கதை வேறு. ஒரு பக்கம் ஸ்ட்ரீக், மறு பக்கம் விரை என்று இருக்கும். ஸ்ட்ரீக்கை எடுத்துவிட்டு, விரையைப் பைக்கு இறக்கித் தைத்து, பருவ வயதில் பயாப்சி, மாதம் ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பது, ஆண்டுக்கொரு அல்ட்ராசவுண்ட் என்று போகும். பையில் இருந்தால் கைக்கு எட்டும், கண்ணுக்கு எட்டும். இறக்கவே முடியாவிட்டால் எடுத்துவிடுவது நல்லது.

-----

தியேட்டர்_இரவுமுறை:

ஒன்றை முதலில் திருத்துங்கள் சிஸ்டர். "கர்ப்பப்பை தெளிவாகத் தெரியவில்லை" என்பதைக் குடும்பம் "கர்ப்பப்பை இல்லை" என்று எடுத்துக்கொண்டிருந்தால் உடனே மாற்றுங்கள். ஸ்வயரில் கர்ப்பப்பை உண்டு. எஸ்ட்ரோஜனே படாததால் சுண்டுவிரல் பருமனுக்குச் சின்னதாக ஒட்டிக் கிடக்கும். சிறுநீர்ப்பை நிரம்பாமல் எடுத்த ஸ்கேனில் தப்பிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி எடுத்தால் தெரியலாம், இல்லாவிட்டால் எம்ஆர்ஐ. ஹார்மோன் தொடங்கினால் அது வளரும். முட்டை தானம் வாங்கிப் பிள்ளை பெற்ற ஸ்வயர் பெண்கள் இருக்கிறார்கள். ஆகவே அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் "கர்ப்பப்பையை விட்டுவைப்பது" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஆபரேஷன் பெரியதில்லை. தொப்புளில் ஒரு துளை, கீழ்வயிற்றில் 5 மில்லிமீட்டரில் இரண்டு மூன்று. உள்ளே போனதும் முதல் வேலை வயிற்றைக் கழுவி அந்த நீரைச் செல் சோதனைக்கு எடுத்து வைப்பது. பிறகு கல்லீரல், குடல் உறை, நிணநீர்க் கணுக்களை ஒரு சுற்றுப் பார்ப்பது. சுரப்பியோடு கருக்குழாயையும் சேர்த்தே எடுப்பார்கள், கீற்று அதோடு ஒட்டிக்கிடப்பதால். சறுக்குவது இங்கேதான்: ஸ்ட்ரீக் திசு ரத்தக்குழாய் போகும் தசைநார் மீதும் மெலிதாகப் படர்ந்திருக்கும். சுரப்பியை ஒட்டியே வெட்டினால் ஒரு துணுக்கு மிஞ்சும், பின்னாளில் கட்டி அங்கிருந்தே வரும். மேலே தள்ளி வெட்ட வேண்டும். அங்கே சிறுநீர்க்குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது, அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் சூடு வைக்க வேண்டும். எடுத்ததைப் பைக்குள் போட்டு வெளியே இழுப்பது கட்டாயம். துளை வழியே அப்படியே இழுத்தால், உள்ளே கட்டி இருந்து கிழிந்தால், முதல் கட்டப் புற்றை நாமே அடுத்த படிக்கு ஏற்றியவர்கள் ஆவோம்.

எல்லாம் சரியாகப் போனால் மறுநாள் வீடு. பள்ளிக்கு ஒரு வாரம் கழித்து.

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்றால், புரட்டாசி முடியும்வரை சில வாரம் தள்ளுவதால் உலகம் கவிழாது. தைப்பூசம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இடையில் மார்பு வளர ஆரம்பித்தாலோ ரத்தக்கசிவு வந்தாலோ குடும்பம் "அப்பாடா, வயசுக்கு வந்துட்டா" என்று சந்தோஷப்படும். இந்தப் பெண்ணுக்கு மருந்து தராமல் தானாக அது நடந்தால் சுரப்பிக்குள் ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கலாம் என்று அர்த்தம். சடங்குக்கு நாள் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஆயாவிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

சோதனையில் டிஸ்ஜெர்மினோமா வந்துவிட்டாலும் கையை விரிக்க வேண்டிய நோய் இல்லை அது. சுரப்பிக்குள் மட்டும் இருந்தால் எடுத்ததோடு சரி, கண்காணிப்புப் போதும். திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வரும், அதையும் குணப்படுத்த முடியும். பரவியிருந்தால் பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்த மருந்து 3 அல்லது 4 சுற்று. குணமாகும் விகிதம் மிக உயர்ந்தது. ஆனால் சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும், பிளியோமைசின் நுரையீரலை. இதெல்லாம் வேண்டாமே என்றுதான் கடுகாக இருக்கும்போதே எடுக்கச் சொல்கிறோம்.

-----

டோங்காட்_சமூகப்பணி:

அம்மாவின் கேள்விக்குச் சுருக்கமாக. முடியாது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டம், பிரிவு 129: 12 வயது தாண்டிய, விஷயம் புரியும் முதிர்ச்சி உள்ள பிள்ளை, அறுவை சிகிச்சைக்குப் பெற்றோர் துணையோடு தானே சம்மதம் தர வேண்டும். 16 வயதுப் பெண்ணிடம் அப்பெண்டிக்ஸ் என்று பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து சம்மதமே ஆகாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்கு வாழ்நாள் முழுக்க ஹார்மோன் போட வேண்டியவள். அப்பெண்டிக்ஸுக்கு எதற்கு ஹார்மோன் என்று கூகுளில் தேட எவ்வளவு நேரமாகும்? பொய் தெரிந்த பிறகு மருந்தை நிறுத்திவிடுவார்கள், கிளினிக்குக்கும் வர மாட்டார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. முதல் நாள்: "உன் சுரப்பிகள் கருவிலேயே முழுசா உருவாகல. அதனாலதான் வயசுக்கு வரல. அதை அப்படியே விட்டா கட்டி வரலாம். கர்ப்பப்பை இருக்கு, மருந்து கொடுத்தா வளரும்." குரோமோசோம் பேச்சு அடுத்த சந்திப்பில், ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால்.

"அப்போ பொண்ணா பையனா" என்று யாராவது ஒரு உறவினர் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். பெண். அடையாள எண்ணில் ஏழாவது இலக்கத்திலிருந்து வரும் நாலு எண் 5000க்குக் கீழே இருக்கும், அது மாறாது, மாற்றவும் வேண்டாம். பாலினக் குறிப்பை மாற்ற விரும்பும் இடைப்பாலினத்தவருக்கு 2003ஆம் ஆண்டின் 49ஆம் எண் சட்டம் வழி வைத்திருக்கிறது, ஆனால் அது விரும்புகிறவர்களுக்கு. இதை வைத்துப் பாகுபாடு காட்டினால் சமத்துவச் சட்டத்தில் 2005இல் செய்த திருத்தம் இடைப்பாலினத்தையும் பாதுகாக்கிறது.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் முன்அனுமதிக்கு ஐசிடி எனும் நோய்க் குறியீடு சரியாக இருக்கட்டும். க்யூ 97.3 என்பது 46,எக்ஸ்ஒய் பெண். ஸ்ட்ரீக் சுரப்பி க்யூ 99.1க்குள் வருகிறது, அதன் தலைப்பில் இருக்கும் பழைய சொல் இன்று யாரும் வாயால் சொல்லக்கூடாத சொல். அந்தத் தாளைப் பெண் கையில் கொடுக்கும்முன் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

-----

மெரிபேங்க்_சிஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. ஆயாவிடம் "பார்க்க முடியவில்லை" என்று படித்துக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. காவடிப் பேச்சு நின்றது.

கேட்க மறந்த இரண்டு. பழைய கிளினிக் சீட்டில், போன வருஷம் கால் வீக்கத்துக்குப் போனபோது, சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ் என்று இருக்கிறது. "உப்பைக் குறைக்கவும்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? இரண்டாவது, பெண்ணுக்கு 11 வயதில் ஒரு தங்கச்சி இருக்கிறாள்.

-----

கரும்புத்தோட்டம்:

சிஸ்டர், முதல் கேள்வியை நாளைக் காலையிலேயே டாக்டரிடம் கொண்டுபோங்கள். இழையிலேயே முக்கியமான வரி அதுதான்.

வயசுக்கு வராத எக்ஸ்ஒய் பெண், கூடவே சிறுநீரில் புரதம் என்றால் ஃப்ரேசியர் சிண்ட்ரோமை நினைக்காமல் இருக்கக் கூடாது. டபிள்யூடி1 என்ற மரபணு சுரப்பிக்கும் சிறுநீரகத்துக்கும் பொது. அதன் 9ஆம் இன்ட்ரான் எனும் பகுதியில் ஏற்படும் ஒரு சின்ன எழுத்துப்பிழை இரண்டையும் கெடுக்கும். மேலே கொடுத்த அட்டவணையில் 60 என்று இருந்தது இவர்களுக்குத்தான். 15-35 என்று சொன்ன கணக்கு இவளுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படியானால் சில வாரம்கூடத் தள்ள வேண்டாம்.

செய்ய வேண்டியது: காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரில் புரதம்-கிரியாட்டினின் விகிதம், ரத்தத்தில் கிரியாட்டினினும் ஆல்புமினும், ரத்த அழுத்தம், சிறுநீரக அல்ட்ராசவுண்ட், டபிள்யூடி1 சோதனைக்கு ரத்தம். ஒரே ஒரு பட்டைச் சோதனையில் மூன்று பிளஸ் என்பது தொற்றாலும் வரலாம், அதனால் முதலில் உறுதி செய்யுங்கள். மயக்க மருந்து டாக்டருக்கு இது ஆபரேஷனுக்கு முன்பே தெரிய வேண்டும்: ஆல்புமின் இறங்கியிருந்தால் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், வலிக்கு ஐபுபுரூஃபன் வகை கொடுக்கக் கூடாது. ஃப்ரேசியரில் சிறுநீரகத் தழும்பு நோய்க்கு ஸ்டீராய்டு கேட்பதில்லை. பெயர் தெரியாமல் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்து முகம் வீங்கியதுதான் மிச்சம் என்று ஆகிவிடும். அதே மரபணுவின் இன்னொரு வகையான டெனிஸ்-ட்ராஷில் வில்ம்ஸ் எனும் சிறுநீரகக் கட்டி ஆபத்து பெரியது, அது சின்னக் குழந்தைகளின் கதை. இங்கே முன்னால் நிற்பது சுரப்பி.

தங்கச்சிக்கு: குரோமோசோம் பரிசோதனை செய்யுங்கள், 16 வரை காத்திருக்காதீர்கள். ஸ்வயர் பெரும்பாலும் அந்த ஒருவரிடம் புதிதாக வருவது. ஆனால் குடும்பத்தில் ஓடும் வகைகளும் உண்டு, மேப்3கே1, என்ஆர்5ஏ1 போன்ற மரபணுக்களில். எக்ஸ்எக்ஸ் என்று வந்தால் சுரப்பிக் கவலை விட்டது. டபிள்யூடி1 உறுதியானால் அவள் சிறுநீரையும் பாருங்கள், அந்தப் பிழை இருக்கும் எக்ஸ்எக்ஸ் பெண்ணுக்கு ஓவரி சரியாக இருந்தும் சிறுநீரகம் கெடலாம்.

-----

மெரிபேங்க்_சிஸ்டர்:

நாளைக்கே கொண்டுபோகிறேன். ஹார்மோன் எப்போது, எப்படி என்பதையும் சொல்லிவிடுங்கள், தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

-----

கரும்புத்தோட்டம்:

ஆபரேஷன் காயம் ஆறி, ஆய்வக முடிவு கையில் வந்தபின். சிறுநீரகச் சந்தேகம் இருப்பதால் மாத்திரையைவிட ஒட்டும் பட்டை நல்லது. தோல் வழியே போகும் எஸ்ட்ராடியால் ரத்த உறைவையும் அழுத்தத்தையும் அவ்வளவாகத் தூண்டாது. கர்ப்பத்தடை மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவது பலர் செய்யும் தப்பு. முதல் நாளே முழு அளவு போய் மார்பு கோணலாக வளரும்.

11, 12 வயதில் தொடங்கினால் 25 மைக்ரோகிராம் பட்டையில் கால் துண்டு, ஆறு மாதத்துக்கொரு படி ஏற்றி, இரண்டு மூன்று ஆண்டில் 100க்குப் போவோம். இவளுக்கு 16 ஆகிவிட்டது, டாக்டர் அரைத் துண்டிலேயே தொடங்கி வேகமாக ஏற்றலாம். கத்தரிக்கோலால் வெட்டக்கூடியது மருந்து பசையிலேயே கலந்திருக்கும் வகை மட்டும். திரவப் பை உள்ள வகையை வெட்டினால் மருந்து வழிந்துவிடும், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். மிச்சத் துண்டை அதன் உறையிலேயே மடித்து வையுங்கள். ஒட்டும் இடம் அடிவயிறு அல்லது பிட்டம், ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி. டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் பட்டை உரிந்து வருகிறது என்று புகார் வரும். குளித்தவுடன் ஒட்டாமல் உடம்பு நன்றாகக் காய்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தேங்காயெண்ணெய், பவுடர் இரண்டும் ஆகாது.

இரண்டு ஆண்டு கழித்து, அல்லது அதற்கு முன்பே ரத்தக்கசிவு வந்தால் அப்போதே, புரோஜெஸ்டிரோன் சேர்க்க வேண்டும்: மைக்ரோனைஸ்டு வகை 200 மில்லிகிராம், இரவில், மாதத்தில் 12 நாள். தூக்கம் வரும் என்பதால் இரவில். மாதவிலக்கு வருவது தொந்தரவு என்று இதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கர்ப்பப்பை இருக்கிறவள், வெறும் எஸ்ட்ரோஜன் ஆண்டுக்கணக்கில் பட்டால் உள்சவ்வு தடித்து அங்கே புற்று வரலாம். சுரப்பியை எடுத்தது ஒரு புற்றைத் தவிர்க்க. இன்னொன்றை நாமே வளர்க்க வேண்டாம்.

தொடங்கும்போதே எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூடி1 முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள் சிஸ்டர்.